ஒரு டம்ளர் குறைகிறது

அந்த வீட்டில் தண்ணீருக்கு அளவு உண்டு. அளந்து வைப்பவள் அக்கா, அளவை மீறுபவன் தம்பி.

அக்கா தையல்காரி. தெருவில் அவளுக்கு 'இஞ்ச் டேப்' என்று பெயர். கழுத்தில் டேப் தொங்காமல் அவளைப் பார்த்தவர்கள் குறைவு. தம்பி டாக்ஸி ஓட்டியவன். இரண்டு வருஷத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கையை விரித்துவிட, டாக்ஸி வாசலில் நின்றது, அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். வாரத்தில் மூன்று நாள் மலைப்பாதையைத் தாண்டி அந்தப் பக்கத்து ஊருக்குப் போய், நாலு மணி நேரம் மிஷினில் படுத்து, ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பஸ்ஸில் போனால் இரண்டு இடத்தில் மாற வேண்டும். மிஷினை விட்டு எழுந்தவனுக்கு நிற்கவே தெம்பிருக்காது. அதற்காகத்தான் அக்கா தன் நாற்பத்தாறாவது வயதில் ஸ்டியரிங் பிடித்தாள்.

உடம்பில் சேரும் தண்ணீர் வெளியேற வழியில்லாதவனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டீ, மாத்திரை முழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அக்கா ஒரு பாட்டிலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்தாள்: காலைக்கு இவ்வளவு, மதியத்துக்கு இவ்வளவு. தம்பி என்ன செய்வான், பாவம், நாக்கு ஒட்டிக்கொள்ளும்போது கோடா கண்ணுக்குத் தெரியும்? ஐஸ் தட்டில் கைவைத்தான். குளிக்கிற சாக்கில் குடித்தான். ஒருமுறை ஈரத் துண்டைப் பிழிந்து குடித்ததை அக்கா தன் கண்ணால் பார்த்தாள். கேட்டால் மட்டும் கழுவுற மீனில் நழுவுற மீன். "நான் தொடலக்கா" என்பான், முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல். மறுநாள் எடை மிஷினில் ஏறினால் எண் மானத்தை வாங்கிவிடும். ஆனாலும் அடுத்த முறையும் அதே "நான் தொடலக்கா"தான்.

போன முறை திரும்பி வரும்போது வண்டியின் சூட்டு முள் பாதியைத் தாண்டி மேலே போனது. மலைப்பாதை நடுவில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்ப, நாற்பது நிமிஷம் ஓரங்கட்டி நிற்க வேண்டியதாயிற்று. தம்பி பின்சீட்டில் கண் செருகிக் கிடந்தான். அந்த நாற்பது நிமிஷத்தில் அக்கா கும்பிடாத சாமி இல்லை.

மெக்கானிக் பட்டறையைப் பூட்டிவிட்டு மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தார். போனில் பிடித்தாள்.

"ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்க. உள்ள என்ன கலர்ல இருக்கு?"

"டீ டிகாஷன் மாதிரி இருக்கு."

"துரு. இஞ்சினைக் குளிர வைக்கிற பழைய கூலன்ட்டை மொத்தமா எறக்கிட்டு, நல்ல தண்ணி விட்டு அலசுங்க. தெளிவா வர்ற வரைக்கும் அலசணும். அப்புறம் புதுசு ஊத்தி, உள்ள இருக்கிற காத்தை வெளியேத்தணும். பெரிய வேலை இல்ல. ஆனா காத்து மட்டும் உள்ள தங்கக் கூடாதும்மா. ஒரு டம்ளர் அளவு காத்து தங்கினாலும் மேட்டுல ஏறும்போது வண்டி மறுபடி கொதிச்சிரும்."

பெரிய வேலை இல்லையாம். சொல்கிற வாய்க்கு என்ன!

இன்று மதியம் இரண்டு மணிக்கு மிஷின். காலை எட்டு மணிக்கு அக்கா புடவையைச் செருகிக்கொண்டு வாசலில் இறங்கினாள். வாசல் தெருவை நோக்கிச் சரிவாக இருந்தது. வண்டியின் மூக்கு வீட்டுப் பக்கம் மேடாக நிற்கும்படி ஏற்றி நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள். மூக்கு மேலே இருந்தால்தான் காற்று மேலேறி வரும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். இஞ்சின் இரவு முழுக்க ஆறிக் கிடந்தது. கீழே படுத்து, ரேடியேட்டரின் அடிமூடியைத் திருகினாள். துருத் தண்ணீர் பேசினில் இறங்கியது. அதை ஒரு பழைய கேனில் ஊற்றி, மூடி இறுக்கி, மேலே 'விஷம்' என்று எழுதிப் படிக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.

பிறகு ஹோஸைச் செருகிக் குழாயைத் திறந்தாள். மேலே நல்ல தண்ணீர் போனது, கீழே பழுப்பாக வந்தது. கொஞ்ச நேரத்தில் மஞ்சள். மூடி, இஞ்சினை ஓட விட்டு, ஆறவைத்து, மறுபடி இறக்கினாள். மூன்றாவது முறைதான் கண்ணாடி மாதிரி வந்தது. வாசல் சரிவு முழுக்கத் தண்ணீர் வழிந்து தெருவோரக் கால்வாயில் விழுந்தது.

தம்பி முன்கூடத்து நாற்காலியை வாசற்படிக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தான். இடது கையை மடியில் பத்திரமாக வைத்திருந்தான். மிஷினுக்கு ஊசி ஏற்றும் கை அது, கனம் தூக்கக் கூடாது. அவன் கண் ஹோஸை விட்டு நகரவில்லை.

"வண்டிக்கு நாப்பது லிட்டர் போயிருக்கும்ல?" என்றான்.

"போயிருக்கும்."

"எனக்கு அரை லிட்டர். அடுத்த பிறவியில ரேடியேட்டரா பொறக்கணும்க்கா."

"பொற. அப்பவும் மூடியை நான்தான் மூடுவேன்."

சிரித்தார்கள். ஆனால் அவன் எச்சில் விழுங்கிய சத்தம் அக்காவுக்குக் கேட்டது. தாகத்தில் இருப்பவன் எதிரே இத்தனை தண்ணீரைக் கொட்டுகிறோமே, உள்ளே போய் உட்காரச் சொல்லியிருக்கலாமே என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. பின்னால் தோன்றியபோது தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

புதுக் கூலன்ட் ரோஸ் நிறம். பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் சேர்த்து, ஒரு வெள்ளைக் கேனில் ஆறு லிட்டர் கலந்தாள். துணியை வெட்டுகிற கை சும்மா இருக்குமா? கேனின் பக்கவாட்டில் அரை லிட்டருக்கு ஒரு கோடு போட்டாள். கூலன்ட் டப்பாவின் லேபிளில் எழுதியிருந்ததைப் படித்தாள்: வாசனை இனிப்பாக இருக்கும், குடித்தால் உயிருக்கு ஆபத்து, குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும். வீட்டில்தான் குழந்தை இல்லையே என்று நினைத்துக்கொண்டாள்.

ரேடியேட்டர் நாலே முக்கால் லிட்டர் வாங்கியது. வாய்வரை நிறைந்து நின்றது. வண்டிப் புத்தகத்தில் ஐந்தரை என்று போட்டிருந்தது. அப்படியானால் மீதி முக்கால் லிட்டர் இடத்தில் காற்று உட்கார்ந்திருக்கிறது.

"மேல நிறைஞ்ச மாதிரிதான் நிக்கும், நம்பாதீங்க" என்று மெக்கானிக் சொன்னது ஞாபகம் வந்தது. "மூடியைத் திறந்தே வச்சு இஞ்சினை ஓட விடுங்க. ஹீட்டர் குமிழைச் சூட்டுப் பக்கம் முழுசா திருப்பிருங்க. சூடு ஏற ஏற குமிழி வரும், மட்டம் இறங்கும். இறங்க இறங்க ஊத்துங்க. குமிழி நிக்கிற வரைக்கும் பக்கத்தை விட்டு நகராதீங்க."

அப்படியே செய்தாள். இஞ்சின் ஓடியது. ரேடியேட்டர் வாயில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்து உடைந்தன. மேல் ரப்பர் குழாயைத் துணி சுற்றிப் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டாள். மட்டம் இறங்க, ஊற்றினாள். கேனில் இருந்த அளவை மறுபடி கோடு போட்டுக் குறித்தாள். இதுவரை ஐந்தே கால் லிட்டர் உள்ளே போயிருந்தது. இன்னும் கால் லிட்டர், கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

அப்போதுதான் உள்ளே போன் அடித்தது. மிஷின் இருக்கும் ஆஸ்பத்திரியாக இருந்தால்? நேரத்தை மாற்றியிருந்தால்?

"எதையும் தொடாதே. இதோ வந்துட்டேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரி இல்லை. யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்த பள்ளிக்கூட ஆயா. பாவாடைக்கு மடிப்பு எட்டா ஆறா என்பதில் தொடங்கி, இடுப்பளவைத் திருத்தி, திருத்தியதைத் திரும்பத் திருத்தி, போனை வைத்தபாடில்லை. ஆறேழு நிமிஷம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்தாள். ரேடியேட்டர் வாய்வரை நிறைந்திருந்தது. குமிழி இல்லை. அப்பாடா என்று கேனைப் பார்த்தாள். கோட்டுக்குக் கீழே இருந்தது. ஒரு டம்ளர் அளவு குறைந்திருந்தது.

தரையில் தேடினாள், சிந்தின ஈரம் எதுவும் இல்லை. குழாயடியில் தம்பியின் எவர்சில்வர் டம்ளர் கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். வெளியே ஈரம். உள்ளே அடியில் ரோஸ் நிறத்தில் இரண்டு சொட்டு.

மூக்கருகே கொண்டுபோனாள். இனிப்பு வாசனை.

தம்பி நாற்காலியில்தான் இருந்தான். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இதைக் குடிச்சியா?"

"எதை?"

"டேய், விளையாடாதே. இதைக் குடிச்சியா?"

"நான் எதையும் தொடலக்கா."

அதே முகம். ஐஸ் தட்டுக்கும், ஈரத் துண்டுக்கும் காட்டிய அதே சுருக்கமில்லாத முகம். தினம் தினம் புலி வருது புலி வருது என்று சொன்னவன், இன்றைக்கு எதைச் சொன்னால்தான் நம்ப முடியும்?

அவன் டாக்ஸிக்காரன், கூலன்ட் எது தண்ணீர் எது என்று தெரியாதவனா என்று ஒரு மனம் சொன்னது. துண்டைப் பிழிந்து குடித்தவன்டி அவன் என்று இன்னொரு மனம் சொன்னது. பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. இஞ்சினை நிறுத்தினாள். அவன் வலது கையைப் பிடித்து எழுப்பி உள்ளே இழுத்துப் போனாள்.

"எங்கக்கா?"

"மிஷின்ல ஏறு."

எடை மிஷின் தையல் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. காலை எடை காலண்டரில் எழுதியிருந்தது: ஐம்பத்தெட்டு நானூறு. காலையில் இருந்து இரண்டு துண்டு ரொட்டி, நூறு மில்லி டீ. கூட்டிப்பார்த்தால் நூற்றைம்பது கிராமுக்கு மேல் ஏற வழியில்லை. தம்பி ஏறி நின்றான். எண் ஆடி நின்றது. ஐம்பத்தெட்டு எண்ணூற்றைம்பது.

"முந்நூறு எங்கிருந்து வந்தது?" என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

அவன் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றான்.

"சொல்லித் தொலைடா! கேன்ல ஒரு டம்ளர் குறையுது. உன் டம்ளர்ல அந்தக் கலர் ஒட்டியிருக்கு. உன் எடையில ஒரு டம்ளர் கூடுது. நான் என்னன்னு நினைக்கிறது?"

"தண்ணி குடிச்சேன்." அவன் தலை குனிந்தான். "ஹோஸ்ல இருந்து. ஒரு டம்ளர். நீ அவ்வளவு தண்ணியைக் கொட்டினியா... என்னால முடியலக்கா."

"டம்ளர்ல கூலன்ட் எப்படி வந்துச்சு?"

"தண்ணி குடிச்சுட்டு நிமிர்ந்தேன். ரேடியேட்டர்ல குளுக் குளுக்னு ரெண்டு பெரிய குமிழி வந்துச்சு. மட்டம் சட்டுனு எறங்கிருச்சு. விட்டா மறுபடி காத்தை இழுத்துக்கும். கேனைத் தூக்கி ஊத்த ரெண்டு கையும் வேணும், இந்தக் கை ஆகாது. சாய்ச்சு டம்ளர்ல பிடிச்சு ஊத்தினேன். முதல்ல தண்ணி, அப்புறம்தான் அது. சத்தியமா."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே! பத்து எட்டுல இருந்தேனே!"

"வாய் ஈரமா இருந்துச்சு" என்றான் தம்பி.

அக்காவுக்கு நம்ப வேண்டும் போல இருந்தது. அதனாலேயே நம்பப் பயமாகவும் இருந்தது. 'தொடவே இல்லை' என்றவன் எடை மிஷின் காட்டிக்கொடுத்த பிறகு சொல்லும் இரண்டாவது கதை இது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அக்கா தம்பிக்குச் சொல்லவா வேண்டும்? அவன் வயிற்றுக்குள் அவள் எட்டிப் பார்க்க முடியுமா?

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். மிஷின் பிரிவு நர்ஸ் எடுத்தார். இரண்டு வருஷப் பழக்கம். நடந்ததைச் சொன்னாள்.

"எவ்வளவு குடிச்சிருப்பார்?"

"குடிக்கலைன்னு சொல்றான்."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அக்கா காலண்டரில் எழுதியிருந்த காலை எடையைப் பார்த்தாள்.

"ஒரு டம்ளர் உள்ள போயிருந்தா உயிருக்கே ஆபத்து" என்றார் நர்ஸ். "முதல்ல ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் பேசுவார். தெரியிறப்ப நேரம் போயிருக்கும். அந்த விஷத்தை எடுக்கவும் இதே மிஷின்தான் வேணும். நான் டாக்டர்கிட்ட சொல்லி மிஷினைத் தயார் பண்ணி வைக்கிறேன். ஆம்புலன்ஸ் இப்ப வேற கேஸுக்குப் போயிருக்கு. வந்து உங்களைக் கூட்டிட்டு வர ரெண்டு மணி நேரம் ஆயிரும். உங்க வண்டி ஓடுமா?"

"ஓடும்னுதான் நினைக்கிறேன்."

"அப்ப இப்பவே கிளம்புங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க. பேச்சுக் குழறுதான்னு பாத்துக்கிட்டே வாங்க."

மூடியை இறுக்கினாள். கல்லை எடுத்தாள். மீதிக் கூலன்ட் கேனைக் கால்வைக்கும் இடத்தில் போட்டாள். தம்பியை முன்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டினாள். இதெல்லாம் ஐந்து நிமிஷம் ஆகவில்லை. தெருமுனை தாண்டும்போதுதான் அவளுக்கு அந்தக் கணக்கு பிடிபட்டது.

கேனில் குறைந்த ஒரு டம்ளர் இரண்டே இடத்தில்தான் இருக்க முடியும். ஒன்று வண்டிக்குள், இல்லை அவனுக்குள். அவன் ஊற்றியது நிஜமானால் இஞ்சின் நிறைந்திருக்கும், மலை ஏறும், அவனும் பிழைத்தான். அவன் குடித்தது நிஜமானால் அந்த ஒரு டம்ளர் இடத்தில் இன்னும் காற்று இருக்கும். மேட்டில் வண்டி கொதிக்கும். நடுமலையில் நின்றுபோகும், விஷத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு. இரண்டும் சேர்ந்தே பிழைக்கும், அல்லது சேர்ந்தே போகும். நடுவில் ஒன்றும் இல்லை.

மலைப்பாதை தொடங்கும்வரை சமதரை. முள் பாதிக்குக் கீழே சாதுவாக இருந்தது. அதில் ஆறுதல்பட ஒன்றுமில்லை. போன முறையும் சமதரையில் சாதுவாகத்தான் இருந்தது.

"பேசுடா" என்றாள்.

"என்ன பேச?"

"எதையாவது பேசு. குழறுதான்னு பாக்கணும்."

"நீ என்னை நம்பவே இல்லைல்ல?"

"ஒண்ணுல இருந்து நூறு வரைக்கும் எண்ணு."

"நான் குடிக்கலக்கா."

"எண்ணுடா!"

எண்ணினான். கோபமாக எண்ணினான். நாற்பதைத் தாண்டும்போது முதல் வளைவு வந்தது. கியரைக் குறைத்தாள். இஞ்சின் முனக ஆரம்பித்தது. ஒரு கண் பாதையில், ஒரு கண் முள்ளில். எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்து இறங்கியது. அவள் ஒதுங்கிக் கொடுத்தாள்.

நான்காவது வளைவில் முள் பாதிக்கு வந்தது. ஐந்தாவதில் பாதியை ஒரு மயிரிழை தாண்டியது.

தம்பி எண்ணுவதை எண்பத்தேழில் நிறுத்தியிருந்தான். அவனும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"மயக்கமா வருதா?"

"இல்ல."

"பின்ன ஏன் அப்படி இருக்கே?"

"நான் ஊத்தினேன்க்கா. ஊத்தினது நிஜம். ஆனா காத்து மொத்தமும் போயிருச்சான்னு எனக்குத் தெரியாது. அவசரத்துல ஊத்தினேன். நீ வர்ற சத்தம் கேட்டுச்சு, போய் உக்காந்துட்டேன்." முள்ளைக் காட்டினான். "இப்ப வண்டி கொதிச்சா, நான் குடிச்சேன்னுதான் நீ நினைப்பே. ஆயுசுக்கும் நினைப்பே."

ஆயுசுக்கும் என்ற சொல் அக்காவைக் குத்தியது. அது எவ்வளவு நீளம் என்பதுதானே இப்போது கேள்வி. அந்தக் கணத்தில் அவளுக்கு அவன் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. குடித்துத் தொலைத்திருந்தால் 'ஆமாம் குடித்தேன்' என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? குடிக்கவில்லை என்றால் இந்த இரண்டு வருஷத்தில் ஒருநாளாவது உண்மையைச் சொல்லி வைத்திருக்க மாட்டானா, இன்றைக்கு நம்புவதற்கு?

முள் இன்னும் ஒரு மயிரிழை ஏறியது.

"ஹீட்டர் காத்தாடியைப் போடு" என்றான் தம்பி திடீரென்று.

"இந்த வெயில்லயா?"

"போடுக்கா. ஹீட்டர்க்குள்ள ஓடுறதும் இதே தண்ணிதான். வண்டியிலேயே மேடான குழாய் அதுதான். காத்து தங்கினா அங்கதான் முதல்ல வந்து உக்காரும். உள்ள நிறைஞ்சிருந்தா அனல் அடிக்கும். காத்து இருந்தா சும்மா சில்லுனு சாதாரணக் காத்துதான் வரும்."

"இதை ஏன்டா வீட்டுலயே சொல்லலை?"

"பயமா இருந்துச்சு."

குமிழ் காலையிலிருந்தே சூட்டுப் பக்கம்தான் இருந்தது. காற்றாடியைத்தான் யாரும் போடவில்லை. அக்கா விசையைத் திருகினாள். டேஷ்போர்டுக்குள் விர்ரென்று ஒரு சத்தம். இடது கையை எடுத்து காற்று வரும் வாயில் வைத்தாள்.

குளிர்ச்சியாக வந்தது.

"அய்யோ" என்றாள் அக்கா. கால் ஆக்ஸிலேட்டரிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. பக்கத்தில் தம்பி கண்ணை மூடிக்கொண்டான். பாதை ஓரத்துக் கைப்பிடிச் சுவரும் எல்லைக்கற்களும் நகர்ந்து போயின. அவளுக்கு அவனைத் தூக்கி வளர்த்த நாளெல்லாம் ஞாபகம் வரவில்லை. டம்ளரின் அடியில் இருந்த அந்த இரண்டு சொட்டு மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

கையை எடுக்கவில்லை. காற்று வரும் வழிக்குள் காலையிலிருந்து தேங்கிக் கிடந்த காற்றாக இருக்கும், அதனால்தான் குளிர்ந்து வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனதுக்குள் எண்ண ஆரம்பித்தாள். ஆறு எண்ணியதும் இதமாக இருந்தது. எட்டில் வெதுவெதுப்பு. பதினொன்றில் விரல் சுட்டது.

சட்டென்று கையை இழுத்து, மறுபடி வைத்தாள். அனல். தோசைக் கல்லுக்கு நேரே கையைக் காட்டின மாதிரி அனல்.

"வச்சுப் பாருடா" என்றாள். "நீ வச்சுப் பாரு!"

தம்பி வலது கையை நீட்டி வைத்தான். சுட்டதும் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். தோள் குலுங்கியது. சிரிக்கிறானா அழுகிறானா என்று பாதையை விட்டுக் கண்ணெடுக்க முடியாத அக்காவுக்குத் தெரியவில்லை.

ஹீட்டர் இஞ்சினின் சூட்டை இழுத்து இவர்கள் முகத்தில் கொட்டியது. அடுத்த வளைவுக்குள் முள் பாதிக்கு இறங்கியது, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியை எல்லாம் இறக்கிவிட்டும் உள்ளே அடுப்பங்கரை. இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது. அணைக்க வேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை.

"நம்புறியா?" என்றான் கொஞ்சம் பொறுத்து.

"நம்புறேன்."

"அனல் அடிச்சதால நம்புறே."

"ஆமா. வேற எதை வச்சுடா நம்ப? நீ வேற எதையாவது குடுத்து வச்சிருக்கியா?"

இரண்டு வளைவு போனது. பிறகு, அவள் கேட்காமலே, மெதுவாகச் சொன்னான்.

"காலையில ஐஸ் ரெண்டு துண்டு எடுத்தேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள்.

"நேத்து முகம் கழுவும்போது ரெண்டு வாய். முந்தாநாள் நீ அந்தப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் வெட்டிட்டு இருந்தப்ப பாட்டிலைத் திறந்தேன். குடிச்சுட்டு, கோடு வரைக்கும் குழாய்த் தண்ணியை ஊத்தி வச்சேன். மார்க்கர் கோட்டை ஒரு தடவை அழிச்சு மேல போட்டிருக்கேன். நீ கண்டுபிடிக்கல."

"என் கோட்டையா அழிச்சே?"

"ஒரு தடவைதான். ரெண்டு தடவை."

மலை உச்சி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தான். இரண்டு வருஷத்துத் திருட்டு, ஒவ்வொரு வாயாக. குழறாமல், தெளிவாகச் சொன்னான். அக்கா திட்டவில்லை. வேர்வையோடு வேர்வையாகக் கன்னத்தில் வழிந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டு ஓட்டினாள். உச்சி தாண்டி வண்டி இறங்க ஆரம்பித்த பிறகுதான் ஹீட்டரை அணைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் சக்கர நாற்காலியோடு நின்றிருந்தார். தம்பி அதில் உட்கார மறுத்து நடந்தே உள்ளே போனான். எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டர் ரத்தம் எடுத்து அனுப்பச் சொன்னார். எடுத்தார்கள். வழக்கம்போல மிஷினுக்கு முன்னால் எடை பார்க்க வேண்டும். நர்ஸ் எடை மிஷினைக் காலால் நகர்த்தினார்.

"நீங்க சொல்லுங்க, கணக்குக்கு மேல எவ்வளவு இருக்கும்?" என்று வழக்கம்போல அக்காவைப் பார்த்துக் கேட்டார். தம்பியைக் கேட்பதை அவர் நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அக்கா டேப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தம்பியைப் பார்த்தாள்.

"முந்நூறு, முந்நூத்தைம்பது கூட இருக்கும் சிஸ்டர்" என்றான் அவன், மிஷினில் ஏறுவதற்கு முன்பே. "தண்ணி. நான்தான் குடிச்சேன்."